நிற்பவர்களுக்கான இடம்

முன்னால் நாற்பத்து மூன்று தலை. இரண்டு தடவை எண்ணியாயிற்று. குடுமி வைத்த அந்த ஆள் நடுவில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டாமல் இருந்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். முப்பத்தொரு வருடம் திருநெல்வேலி டிப்போவில் கண்டக்டராக இருந்தவனுக்குத் தலையை எண்ணாமல் ஓரிடத்தில் நிற்க வராது, அது பேட்டை வழி டவுன் பஸ்ஸாக இருந்தாலும் சரி, வியன்னா நகரத்து ஓப்ரா மாளிகையின் பக்கவாட்டு வாசலாக இருந்தாலும் சரி. "எத்தன பேரு?" என்கிறாள் எமிமா, என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "நாப்பத்து மூணு." "நம்மளச் சேத்தா?" "சேக்காம." "இங்க வந்தும் அதே சோலியா உங்களுக்கு" என்று சிரிக்கிறாள். நான் அவளுடைய வலது பக்கம் நிற்கிறேன். எப்போதும் வலது பக்கம்தான். இடது காது போய் மூன்று வருடம் ஆகிறது, அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. தெருவில், கோயிலில், படுக்கையில் எல்லா இடத்திலும் நான் வலது பக்கம் மாறிவிட்டேன், இந்த நாலு நாளில் இந்த ஊரின் எத்தனையோ நடைபாதைகளில் அவளைச் சுற்றி ஓடி ஓடி வலது பக்கம் வந்திருக்கிறேன். வலது காது நன்றாகக் கேட்கிறது. இப்போதைக்குக் கேட்கிறது. இந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லிடம் வந்தால் என் மனசு பஸ் நின்ற மாதிரி நின்றுவிடும், பிறகு தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எட்டு மாதமாக இதே கதைதான். வேறு ஏதாவது நினைக்க வேண்டும். மாளிகையைப் பார், கோயில்பிள்ளை, மாளிகையைப் பார் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மாளிகை வெயிலில் வெண்ணெய் நிறத்தில் நிற்கிறது. மாலை ஐந்தரை மணிக்கு இவ்வளவு வெளிச்சம் இருப்பதே எனக்கு இன்னும் பழகவில்லை.

நல்ல ஊர் இது. வாய்விட்டுச் சொல்லலாம், நல்ல ஊர். காசு வைத்திருக்கிறவனுக்கு எந்த ஊரும் நல்ல ஊர்தான், காசில்லாதவனை எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்களை நன்றாகவே வைத்திருந்தது. எட்டுக் கட்டில் போட்ட விடுதி அறையில் நான் மேல் கட்டில், எமிமா கீழ்க் கட்டில், மற்ற ஆறிலும் யார் யாரோ வந்து யார் யாரோ போனார்கள். பொது அடுக்களையில் ஊரிலிருந்து தூக்கி வந்த குட்டிக் குக்கரில் சோறு. பருப்புப் பொடியை வாசம் பிடித்து வந்த ஒரு கொரியாக்காரப் பெண் ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணில் நீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டாள். தெருவுக்குத் தெரு குழாயில் குடிதண்ணீர், மலையிலிருந்து நேராக வருகிறதாம். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் இன்னொரு தண்ணீரை லேசில் மெச்ச மாட்டான், நான் மெச்சினேன், இரண்டு பாட்டிலில் பிடித்தும் வைத்துக்கொண்டேன். ராஜா வீட்டுத் தோட்டத்துக்குச் சீட்டே கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பெஞ்சில் உட்காரலாம், விசில் ஊத ஒரு வாட்ச்மேன் இல்லை. ஆனால் என்னை அடித்துப் போட்டது டிராம்தான். மூன்று கதவிலும் ஏறுகிறார்கள், மூன்று கதவிலும் இறங்குகிறார்கள், கண்டக்டர் என்று ஓர் ஆள் இல்லை, டிரைவர் திரும்பியும் பார்ப்பதில்லை. முதல் நாள் நான் எங்கள் சீட்டைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றேன். கேட்க நாதியில்லை. கடைசியில் எமிமாவிடம் காட்டினேன். "நல்லா இருக்கு, பையில வைங்க" என்றாள். எனக்குத் தூக்கம் வரவில்லை அன்றைக்கு. கேட்காமலே சீட்டு எடுக்கிற ஜனம்! எப்போதாவது சாதாரணச் சட்டையில் ஒருவர் வந்து சோதிப்பாராம், இருக்கட்டும், அது வேறு. ஒரு ஊரே ஒரு ஊரை நம்புகிறது. முப்பத்தொரு வருடம் ஒருத்தனையும் நம்பாமல் நம்பாமல் என் கண்ணில் ஒரு சுளிப்பு விழுந்துவிட்டது, கல்யாண போட்டோவில்கூட யாரையோ சந்தேகப்படுகிற மாதிரித்தான் நிற்கிறேன். இந்த ஊரில் நான் பிறந்திருந்தால் என் மூஞ்சி வேறு மாதிரி இருந்திருக்கும் என்று தோன்றியது.

"என்ன யோசிச்சிட்டு இருக்கிய?" "ஒண்ணுமில்ல, டிராம்." "டிராமையா? பாட்டு கேக்க வந்த எடத்துல?" அவள் வெள்ளையில் ஊதாக் கரை வைத்த சேலை கட்டியிருக்கிறாள், பாளையங்கோட்டைச் சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு, கொயர்காரப் பெண்களுக்கு எடுத்த சேலை, கீழே ஓடுவதற்கான ஷூ. இருபத்தெட்டு வருடம் கொயரில் ஆல்ட்டோ பாடினவள். எனக்கு ஆல்ட்டோ என்றால் என்ன என்று கல்யாணம் ஆகி ரொம்ப நாள் வரை தெரியாது. பாட்டின் மெட்டு மேலே போகும், இவள் குரல் அதற்கு அடியில் எங்கேயோ போகும், தனியாகக் கேட்டால் என்ன பாட்டென்றே தெரியாது, ஆனால் ஒரு ஞாயிறு இவள் காய்ச்சலில் போகவில்லையென்றால் பாட்டே காலியாகக் கிடக்கும். அந்தக் காலத்துக் கொயர் மாஸ்டர்தான் சொன்னாராம், வியன்னாவில் பெரிய ஓப்ரா மாளிகை இருக்கிறது, காசில்லாதவர்களுக்கு அங்கே நிற்க இடம் உண்டு, அதுவும் மூலையில் இல்லை, நட்ட நடுவில், ராஜா உட்காரும் மாடத்துக்கு நேர் கீழே என்று. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தின பேச்சு. இட்லிக்கு மாவு ஆட்டும்போதெல்லாம் சொல்லுவாள், நிக்கிறவங்களுக்குத்தான் நல்ல எடமாம் என்று. நான் கேலி பண்ணுவேன், என் பஸ்ஸிலும் அப்படித்தான், காற்று அவர்களுக்குத்தான் என்று. அப்புறம், எட்டு மாதத்துக்கு முன்னால், அந்தக் காது டாக்டர். மருந்துக் கவுண்டரில் அவள் நின்றபோது என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, வலது காது நரம்பும் இறங்குது, ஒண்ணரை வருஷம், மிஞ்சினா ரெண்டு, மெஷின் வச்சா பேச்சு கொஞ்சம் பிடிபடும், பாட்டு பிடிபடாது, நீங்களே மெதுவா சொல்லுங்க என்றார். மெதுவா! எட்டு மாதத்தைவிட மெதுவாக எவன் சொல்ல முடியும். ஒவ்வொரு நாளும் வலது பக்கம் போய் நிற்பேன், வாயைத் திறப்பேன், அரிசி தீர்ந்துபோச்சா என்று கேட்பேன். ஈஸ்டரோடு அவள் கொயரை விட்டுவிட்டாள், தொண்டை சரியில்லையாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது. ரிட்டையர்மென்ட் பணத்தில் வீட்டுக்குப் பின்னால் நல்ல பாத்ரூம் ஒன்று கட்டுவதாகத்தான் இருந்தது. வியன்னாவுக்குப் போவோமா என்றேன் ஒரு நாள். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அவளுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறக்கிறது, வரிசை நகர்கிறது, ஒருத்தரும் முண்டவில்லை, எனக்குத்தான் முழங்கை தானாக விரிகிறது, இழுத்து மடக்கிக்கொள்கிறேன். நின்று பார்க்கிற டிக்கெட் இரண்டு. இந்த ஊரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு, அதனால் மத்தியானம் பன்னும் வாழைப்பழமும்தான். படியேறி, இன்னொரு கதவு, சிவப்பு, பொன், மேலே மேலே அடுக்கடுக்காக மாடங்கள், நடுவில் விளக்கு. எமிமா நின்றுவிட்டாள். பின்னால் வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். "பாத்தியளா" என்கிறாள், "நட்ட நடு." ஆமாம், மாஸ்டர் பொய் சொல்லவில்லை. விலை கூடின நாற்காலிகளெல்லாம் எங்கெங்கோ பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்க, நிற்கிறவர்களுக்கு மேடை நேருக்கு நேர். எவனோ ஒரு புண்ணியவான் இதைக் கட்டும்போது எங்களை நினைத்திருக்கிறான், எங்களை என்றால் என்னையும் எமிமாவையும். எனக்குக் கால் வலி கிடையாது, முப்பத்தொரு வருடம் ஆடுகிற தரையில் நின்றவனுக்கு ஆடாத தரையில் மூன்று மணி நேரம் நிற்பது ஓய்வு மாதிரி. இடம்தான் வேண்டும். வரிசை வரிசையாகக் கம்பி, இடுப்பு உயரத்துக்கு, சாய்ந்து நிற்க. முன் கம்பி நெடுக ஆளில்லை, என் கண் போனது நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடத்துக்கு. கம்பியில் பச்சையாக ஒரு துணி கட்டியிருந்தது, யாரோ மறந்துவிட்டுப் போன கழுத்துத் துணி. பஸ்ஸில் நான் தள்ளியிருக்கிற துண்டுகள் கொஞ்சமா? ஜன்னல் வழியாகத் துண்டு, கர்ச்சீப், கத்தரிக்காய்ப் பை, ஒரு தடவை பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, எதையெல்லாமோ சீட்டில் எறிந்து இடம் பிடிப்பான்கள், பின்வாசல் வழியாக நிதானமாக ஏறி வருவான்கள். துண்டுக்கு டிக்கெட் போட்டிருக்கா என்று கேட்டு எடுத்து அவர்கள் தோளிலேயே போட்டுவிட்டு, நிற்கிற கிழவியை உட்கார வைப்பேன். ஆள் வந்தால்தான் சீட்டு. அதுதான் என் சட்டம், அதை மீற டிப்போ மேனேஜர் மச்சினனைக்கூட விட்டதில்லை. கை அதுபாட்டுக்குப் போயிற்று, முடிச்சை அவிழ்த்தது, துணியை நான்காக மடித்தது, யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று என் தோளில் போட்டது. "ஏட்டி, இங்க வா, இங்க வந்து நில்லு." அவள் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறேன். கம்பி நெடுக நீலம், சிவப்பு, புள்ளி போட்டது, கோடு போட்டது, ஒரு டை. ஆளுக்கு ஒன்று கட்டி இடம் பிடித்துவிட்டு அவரவர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார்கள்.

தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. இங்கேயும் நம்பிக்கைதான். டிராமைப் பார்த்து நாலு நாளாக மெச்சின வாய் என் வாய், அந்தத் துணியை அவிழ்த்த கையும் என் கை. திருப்பிக் கட்டிவிடலாம் என்று தோளில் கை வைக்கிறேன், எதிரே ஓர் அம்மா நிற்கிறார், குட்டையாக வெட்டின வெள்ளைத் தலைமுடி, கான்வாஸ் ஷூ, எழுபத்தைந்து வயது இருக்கும். அவர் பார்வை என் தோளில். நிதானமான ஆங்கிலத்தில், அது என்னுடையது, அந்த இடமும் என்னுடையது என்றார். கோபமில்லை, அதுதான் இன்னும் மோசம். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள், அரங்கத்துச் சீருடைக்காரர் ஒருவர் எங்களை நோக்கி வர ஆரம்பித்தார். அந்த நடை எனக்குத் தெரியும், அவசரமில்லாத நடை, நான் நடந்த நடை. இறங்கு என்று சொல்லப் போகிறார். நான் சொல்லியிருக்கிறேன், பாப்பாக்குடி விலக்கு ஸ்டாப்பில், நடுவெயிலில், டிக்கெட் எடுக்காத ஒருத்தனைக் குடும்பத்தோடு இறக்கிவிட்டிருக்கிறேன். எங்களை இறக்கிவிட்டால் எமிமா இதைக் கேட்க மாட்டாள், நாளைக் காலையில் விமானம், அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது, அந்தக் காதுக்குக் கிடையாது. வாயில் என்ன வந்தது தெரியுமா? "ஸாரி மேடம், ஐ ஆம் பஸ் கண்டக்டர்." அந்த அம்மா கண்ணைச் சுருக்கினார். எமிமா திரும்பாமலே, மேடையைப் பார்த்தபடி, "யாருகிட்ட பேசுதிய?" என்றாள். "ஒண்ணுமில்ல, நீ பாரு." பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் நான் கையால் பேசினேன். எமிமாவைக் காட்டினேன், என் இடது காதைத் தொட்டுக் கையை விரித்தேன். அந்த அம்மா தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார், இது நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார். எட்டு மாதமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகனிடம் இல்லை, போதகரிடம் இல்லை. பெயர் தெரியாத அந்த அம்மாவிடம் சொன்னேன், வலது காதைத் தொட்டு, கையை மெல்லக் கீழே, இன்னும் கீழே இறக்கிக் காட்டினேன்.

சீருடைக்காரர் வந்ததும் அந்த அம்மா அவர்கள் மொழியில் இரண்டு வார்த்தை சொன்னார், அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான், அவ்வளவே அவ்வளவு. துணியை என் தோளிலிருந்து எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டு, அவள் அங்கேயே நிற்கட்டும், நான் இதை நூறு தடவை கேட்டுவிட்டேன் என்றார். அவரைப் பின்வரிசையில் நிற்க வைத்துவிட்டு நான் எந்த முகத்தோடு கேட்பது? அப்போதுதான் என் தொழில் கை கொடுத்தது. முன் கம்பிக்காரர்கள் திரும்ப வந்து நின்றிருந்தார்கள். இரண்டு உள்ளங்கையையும் காற்றில் தள்ளித் தள்ளி, "உள்ள போங்க, உள்ள போங்க, ப்ளீஸ், கொஞ்சம், கொஞ்சம்" என்றேன், தமிழில்தான், அது எந்த மொழிக்காரனுக்கும் புரிகிற தமிழ். முதல் ஆள் திகைத்தார், பிறகு நகர்ந்தார். அடுத்தவர் நகர்ந்தார். ஒன்பது பேர் ஆளுக்கு நாலு விரக்கடை நகர்ந்தார்கள், நாற்பது பேர் பஸ்ஸில் எண்பத்தைந்து பேரை ஏற்றினவன் நான், இதெல்லாம் எனக்கு ஒரு கூட்டமா? இரண்டு ஆள் நிற்க இடம் பிறந்துவிட்டது. அந்த அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார், எமிமா திரும்பிப் பார்த்து அவரும் தானும் ஏதோ வெகுநாள் சிநேகிதிகள் போலத் தலையசைத்தாள். அந்த அம்மா எமிமாவின் வலது பக்கம் நின்றுகொண்டார். எனக்குக் கிடைத்தது இடது பக்கம். மாறச் சொல்லலாமா என்று பார்த்தேன், விளக்கு அணைய ஆரம்பித்துவிட்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நான் அவளுடைய கேட்காத பக்கம் நிற்கிறேன்.

இருட்டில் வாத்தியங்கள் தொடங்குகின்றன. திரை போகிறது. ஒரு பெண் பாடுகிறாள். மைக் எங்கே என்று தேடினேன், இல்லை, அவ்வளவு பெரிய அரங்குக்கு ஒற்றைத் தொண்டை. எனக்குக் கதை புரியவில்லை, யாரோ யாரையோ விட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது, அதற்கு இவ்வளவு அழகாக அழ வேண்டுமா? தூங்கிவிடுவேன் என்று பயந்துதான் வந்தேன், மயிர்க்கால் எல்லாம் எழுந்து நிற்கிறது. மனிதர்கள் இதையெல்லாம் செய்திருக்கிறார்கள், நான் பாட்டுக்குச் சில்லறை இல்லை சில்லறை இல்லை என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். கேக்குதா எமி? என்று கேட்டேன், கேட்காத காதில். கேக்குதா? எல்லாம் வந்து சேருதா, அந்த அடியில் போகிறதுகூட? அவள் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போது எனக்குத் தைரியம் வந்தது, கோழைக்கு வருகிற தைரியம். அவளுடைய இடது காதுக்கு நேரே குனிந்து, ஒண்ணரை வருஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு எமி, என்னால சொல்ல முடியல என்று சொல்லிவிட்டேன். சொன்னேன், கடைசியில் சொன்னேன், சொன்னது எங்கேயும் போய்ச் சேரவில்லை. வாத்தியங்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன, முரசு உருண்டது, அந்தப் பெண்ணின் குரல் அதற்கு மேல் ஏறி நின்றது. எமிமா வலது கையை உயர்த்தினாள். ஆட்காட்டி விரலால் வலது காதை அடைத்துக்கொண்டாள்.

வலிக்கிறதா? சத்தம் கூடிப்போயிற்றா? ஐயோ, இருக்கிறதையும் நான் கொண்டுவந்து கெடுத்துவிட்டேனா? தோளைத் தொடப் போனேன், அவள் முகம் தெரிந்தது, மேடை வெளிச்சத்தில், கண்ணை மூடியிருக்கிறாள், வலி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இடது உள்ளங்கையைக் கம்பியில் அழுத்தி விரித்து வைத்திருக்கிறாள், ஓடுகிற பஸ்ஸின் அதிர்வைக் கம்பியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி. விரலை எடுக்கவில்லை. நான் எண்ணினேன், எனக்கு வேறென்ன தெரியும், எட்டு, ஒன்பது, பத்து, முரசு, பதினொன்று. இத்தனை செலவழித்து, இவ்வளவு தூரம் வந்து, உச்சத்தில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள். பதினான்கு. ஈஸ்டருக்கு அவள் தொண்டைக்கு ஒன்றுமில்லை, சுருதி தப்பியிருக்கிறது, அவளுக்கே கேட்டிருக்கிறது. வியன்னா என்றதும் ஏன் என்று கேட்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளே. பதினேழு. அவளுக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரியும். எட்டு மாதமாக அவளிடமிருந்து நான் ஒளித்ததை அவள் என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் தாங்க மாட்டேன் என்று. இப்போது பழகிப் பார்க்கிறாள், இது போன பிறகு என்ன மிஞ்சும் என்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை, இருட்டுதானே. விரலை எடுத்தாள். கண்ணைத் திறந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும் போல, திரும்பாமலே என் கையைத் தேடிப் பிடித்து இழுத்து, தன் கை இருந்த இடத்தில், கம்பிமேல் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள்.

"கையில கொஞ்சம் வருது" என்றாள். "உங்களுக்கு வருதா?"